என்ன எழுத, எதைப் படமெடுக்க? – கேள்வி பதில்

தினம் ஒரு சின்னத் தூண்டலை, அதாவது ஒரு சொல்லையோ கேள்வியையோ, வைத்துக்கொண்டு எழுதுவது, படமெடுப்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

அக்கா, 'மழை', 'தனிமை', 'ஜன்னல்' என்று தினம் ஒரு தலைப்பு எடுத்து எழுதுகிறேன். சீக்கிரமே அலுத்துவிட்டது. எல்லாம் எங்கோ படித்த மாதிரியே வருகிறது. நான் செய்வது தவறா?

தலைப்பு ரொம்ப அகலமாக இருக்கிறது, அவ்வளவுதான். 'தனிமை' என்றதும் மனதில் முதலில் வந்து நிற்பது இதுவரை படித்த கவிதைகளும் பார்த்த சினிமாவும். உங்கள் கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

தலைப்பை ஒரு வேலையாக மாற்றிப் பாருங்கள். 'ஜன்னல்' என்பதற்குப் பதிலாக, 'இந்த ஜன்னல் கம்பியில் பெயின்ட் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, யார் கை பட்டுத் தேய்ந்தது?' என்று கேளுங்கள். இதற்குப் பதில் எழுத வேண்டுமானால் எழுந்துபோய்க் கம்பியைப் பார்த்தாக வேண்டும்.

நம் தனிப்பாடல் மரபுக்கு இது நன்றாகத் தெரியும். 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடியும்படி முருகன்மேல் ஒரு வெண்பா பாடச் சொன்னார்களாம். காளமேகம் பாடினார்: 'செருப்புக்கு வீரர்களைச் சென்றுழக்கும் வேலன்' என்று அது தொடங்கும். செருவில், அதாவது போரில், புகுந்த வீரர்களை மிதித்து அழிக்கும் வேலன் என்று பொருள். 'முருகனைப் பாடுங்கள்' என்று மட்டும் கேட்டிருந்தால் இந்த முதலடி பிறந்திருக்காது. நெருக்கடிதான் அவரை அந்த இடத்துக்குத் தள்ளியது. உங்களுக்கும் அப்படி ஒரு நெருக்கடி வேண்டும். நிறத்தைக் குறிக்கும் சொல்லே வராமல் எழுதுங்கள். 'நான்' இல்லாமல் ஒரு பக்கம் எழுதுங்கள். கேள்வி வாக்கியங்களிலேயே ஒரு பத்தியை முடியுங்கள்.

வீடு, அலுவலகம், மறுபடி வீடு. என் நாளில் எழுத என்ன இருக்கிறது?

பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் 1974 அக்டோபரில் பாரிஸின் சான்-சுல்பீஸ் சதுக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொண்டே இருந்தார். போகிற பேருந்துகளின் எண்கள், புறாக்கள், பை சுமந்து நடப்பவர்கள் என்று ஒன்றையும் விடவில்லை. தேவாலயம் போன்ற பெரிய விஷயங்களை ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள், ஒன்றும் நடக்காதபோது நடப்பதுதான் தனக்கு வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நீங்கள் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தானில் விளக்கு எரிகிறது. யாரோ ஏற்கெனவே அழுத்திவிட்டார்கள். இருந்தாலும் வருகிற ஒவ்வொருவரும் இன்னொரு தடவை அழுத்துகிறார்கள். ஒருவர் கட்டைவிரலால், ஒருவர் கையில் இருக்கும் கோப்பின் முனையால். ஒரே ஒருவர் மட்டும் அழுத்தாமல் சுவரில் சாய்ந்து நிற்கிறார். அவருக்கு மேலே போக அவசரம் இல்லையா, போகவே மனம் இல்லையா? உங்கள் கதை அங்கே நின்றுகொண்டிருக்கிறது.

பத்து நிமிடம் ஒரே இடத்தில் இருந்து, உவமையும் அடைமொழியும் இல்லாமல் குறித்துப் பாருங்கள். முதல் சில நிமிடம் சலிப்பாகத்தான் இருக்கும். அதைத் தாண்டிய பிறகு வருவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன் கேமரா போதுமா?

தாராளமாகப் போதும். லென்ஸை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். பல படங்கள் விரல் ரேகையால்தான் மங்குகின்றன. விரலால் விரித்துப் பெரிதாக்காமல் நாலடி முன்னால் நடந்து போங்கள்.

உடல்நிலை காரணமாக வெளியே அதிகம் போக முடியாது. ஒரே அறை. படமெடுக்க என்ன செய்வது?

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் யோசெப் சுடெக். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940இல், பிராக் நகரம் நாஜிகளின் பிடியில் இருந்தபோது, தன் ஸ்டூடியோ ஜன்னலைப் படமெடுக்கத் தொடங்கி 1954 வரை எடுத்தார். கண்ணாடியில் படிந்த பனி, வழியும் நீர்த்துளி, அதற்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் தோட்டத்து மரம். ஒரே ஜன்னல்தான், ஆனால் ஒரு படம் மற்றதைப் போல இல்லை.

அறையில் மின்விளக்கை அணைத்துவிடுங்கள். விளக்கொளியும் பகலொளியும் கலந்தால் நிறம் குழம்பும். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு ஜன்னலருகே வையுங்கள். காலையில் ஒரு தடவை, உச்சிப்பொழுதில் ஒரு தடவை, வெயில் சாயும்போது ஒரு தடவை எடுங்கள். தண்ணீருக்குள் ஜன்னல் இடவலம் மாறித் தெரியும், டம்ளரின் நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்சக் கோடு ஓடும், மாலையில் அந்த நிழல் மேஜையைத் தாண்டிச் சுவரில் ஏறும். ஒரே பொருளை இருபது விதமாக எடுக்க முயலுங்கள். முதல் ஐந்தாறு எல்லோரும் எடுப்பதாகவே இருக்கும். அவற்றை எடுத்து முடித்தால்தான் அடுத்தவை வரும் என்பதால் தயங்காமல் எடுங்கள். வெளியே போக முடிகிறவர்களுக்கும் இந்தப் பயிற்சியைத்தான் முதலில் சொல்வேன்.

படத்தையும் எழுத்தையும் சேர்த்துச் செய்ய ஆசை. படத்தில் இருப்பதையே எழுதினால் சப்பென்று இருக்கிறது.

இருக்கத்தான் செய்யும். ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறீர்கள். அந்தாதியாகச் செய்யுங்கள். படத்தில் ஓரமாக இருக்கும் ஒன்றிலிருந்து எழுத்து தொடங்கட்டும். எழுத்தின் கடைசிச் சொல்லிலிருந்து அடுத்த படத்துக்குப் போங்கள்.

உதாரணம்: கதவில் தொங்கும் சாவிக்கொத்தைப் படமெடுக்கிறீர்கள். அதில் எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு பழைய சாவி இருக்கிறது. எழுதும்போது அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: 'அந்த வீட்டை விற்று வருஷங்கள் ஆகிவிட்டன. அப்பா சாவியை மட்டும் கழற்றவில்லை. எடுத்துப் பார்த்தால் விரலெல்லாம் துரு.' அடுத்த நாள் துருவைத் தேடிக் கேமராவோடு கிளம்பலாம். கேட் கீல், சைக்கிள் சங்கிலி, தண்ணீர்க் குழாய் என்று போய்க்கொண்டே இருக்கும்.

தெருவில் முகம் தெரியாதவர்களைப் படமெடுக்கலாமா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊரில் என்ன விதி என்று தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் இடம் கொடுத்தாலும், அழுகிறவரை, தூங்குகிறவரை, உதவி கேட்டு நிற்பவரை நான் எடுக்க மாட்டேன். குழந்தைகளைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எடுப்பதே இல்லை. கேட்டுவிட்டு எடுங்கள், அல்லது கை, நிழல், கழற்றி வைத்த கண்ணாடி என்று போங்கள். மனது உறுத்தினால் கேமராவைப் பையில் போட்டுவிட்டு, அடையாளம் தெரியாதபடி எழுதிக்கொள்ளுங்கள்.

மூட் வந்தால்தான் எழுத முடிகிறது, அக்கா.

டைமரில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, அது ஒலிக்கும் வரை பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் எழுதுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் 'ஒன்றும் வரவில்லை' என்றே எழுதுங்கள். மூட் பெரும்பாலும் நடுவில்தான் வந்து சேரும்.

தூண்டல்களுக்குச் செயலிகளை நம்பலாமா, நாமே தயாரிக்க வேண்டுமா?

செயலியிலிருந்து எடுப்பதில் தப்பில்லை. ஆனால் நீங்களே தயாரிப்பது உங்கள் வாழ்க்கையோடு ஒட்டும். இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் வேலை தடைப்படும்போது எடுத்துப் பார்ப்பதற்கென்றே 1975இல் சிறு குறிப்புகள் எழுதிய ஒரு சீட்டுக்கட்டு வெளியிட்டார்கள். அதுபோல் நீங்களும் துண்டுத்தாள்களில் செய்யலாம். ஒரு உறையில் உங்கள் வீட்டுப் பொருட்கள், இன்னொன்றில் வினைச்சொற்கள், மூன்றாவதில் கட்டுப்பாடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எடுங்கள். 'குடை – ஒளித்து வைத்தல் – முழங்கால் உயரத்திலிருந்து' என்று வந்தால், அன்றைக்குப் படமும் கதையும் தயார். காதில் விழுந்த பாதி வாக்கியங்களுக்கும் ஒரு உறை போடுங்கள். எனக்கு மிகவும் உதவுவது அந்த நான்காவது உறைதான்.