நினைவு நிதியும் டாக்சி ரசீதும்

அன்புள்ள அக்கா,

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்திய என் அப்பா சென்ற ஆண்டு காலமானார். அவர் பெயரில் கல்லூரி மாணவர்களின் ஆய்வுக்கு உதவ நானும் தம்பியும் 2 லட்சம் ரேண்ட் ஒதுக்கியிருக்கிறோம். முதலைத் தொடாமல் வட்டியில் ஆண்டுதோறும் கொடுக்கலாம் என்கிறான் தம்பி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும், அதிலும் முதல் மதிப்பெண் வாங்கியவருக்கு என்று வைக்கலாமா? விழா நடத்திப் பதக்கமும் தரலாமா? அப்பாவின் வகுப்புப் பதிவேடுகள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றை என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பதக்கத்தை விட்டுவிடலாம். என் அலமாரியில் மூன்று பதக்கங்கள் கறுத்துக் கிடக்கின்றன. எதை எதற்காக வாங்கினேன் என்பது எனக்கே மறந்துவிட்டது.

நான் படித்த காலத்தில் ஓர் அறக்கட்டளை என் ஆய்வுக்கு உதவி தந்தது. தந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. முதலில் செலவு செய், ரசீதைக் காட்டு, பிறகு பணம் என்பது அவர்கள் விதி. ஒப்பந்தக் கூலிகளின் குடியேற்றக் கோப்புகளைப் பார்க்க டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். ஏறக்குறைய 80 கிலோமீட்டர். போனது மினிபஸ் டாக்சியில். பின்சீட்டிலிருந்து காசு கைமாறிக் கைமாறி முன்னால் போகும், சில்லறை அதே வழியில் திரும்பி வரும். ரசீது கேட்டால் வண்டியே சிரிக்கும். நான்கு முறை போய் வந்ததும் என் கையிருப்பு தீர்ந்தது. ஐந்தாம் முறை பார்க்க வைத்திருந்த கோப்பை இன்றுவரை நான் திறக்கவில்லை. ஆகவே நீங்கள் எதை எழுதி வைத்தாலும், பணம் முன்கூட்டியே மாணவர் கையில் சேரும் என்பதை முதல் வரியாக எழுதுங்கள்.

தம்பியின் கணக்குக்கு வருகிறேன். ஆண்டுக்கு 5 விழுக்காடு எடுத்தால் 10,000 ரேண்ட். விலைவாசி ஏற ஏற அது இளைத்துக்கொண்டே போகும். பெயர் நிலைக்கும், உதவி நிலைக்காது. மாறாக, முதலையே ஆண்டுக்கு 20,000 வீதம் பத்தாண்டில் செலவழித்துத் தீர்த்துவிடுங்கள். பயணம், நகல் எடுப்பது, முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்வது எல்லாம் அதில் நடக்கும். பதிவு செய்த ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க அரை நாள் பிடிக்கும். அந்த உழைப்புக்கும் கூலி கொடுக்கலாம். பல்கலைக்கழகத்தின் வழியாகக் கொடுத்தால் நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 18ஏ சான்றிதழ் கிடைக்குமா என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தியருக்கென்று 1961-ல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் தனிக் கல்லூரி வைத்து மாணவர்களைப் படகில் அனுப்பிய நாடு இந்தத் தென்னாப்பிரிக்கா. நாமும் வாசலில் பிறப்பைக் கேட்க வேண்டுமா? நிபந்தனையை ஆய்வுத் தலைப்புக்கு வையுங்கள்: நம்மவர் இங்கே வந்து வாழ்ந்த வரலாறு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பன் வந்ததிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், தந்தை பெயர், வயது, ஊர், உடலில் உள்ள தழும்பு வரை உண்டு. ஊர்ப்பெயர்களோ எழுத்தர் காதில் விழுந்தபடி. அதை வட ஆர்க்காட்டின் எந்தக் கிராமம் என்று கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்த பிள்ளை வேண்டும். கரும்புத் தோட்டத்தில் நம்மவரும் ஜூலு மக்களும் ஃபனகலோ என்ற கலப்பு மொழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்க ஜூலு பேசும் பிள்ளைதான் வேண்டும். நம் வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை.

மதிப்பெண்ணா? விண்ணப்பத்தில் ஒரே ஒரு பக்கம் கேளுங்கள்: எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாய், அதற்கு எங்கே போக வேண்டும். அதைப் படித்தாலே ஆள் தெரிந்துவிடும்.

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்தப் பெட்டிகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. எந்தக் குழந்தை எந்த வயதில் தமிழ் வகுப்புக்கு வந்தது, எப்போது நின்றது என்று முப்பது ஆண்டுக் கணக்கு! இந்த நாட்டில் தமிழ் எப்படி வீட்டை விட்டுப் போனது என்பதற்கு இதைவிட நெருங்கிய சாட்சியை நான் பார்த்ததில்லை. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்போம். உயிரோடிருப்பவர்களின் பெயர்கள் இருப்பதால், யார் பார்க்கலாம் என்ற நிபந்தனையையும் அவர்களோடு பேச வேண்டும். அதுவரை கராஜில் வைக்காதீர்கள். டர்பன் ஈரமும் கரையானும் விழாத் தேதி வரை காத்திருக்காது.