எலி நுரையீரலில் புழு கிடைக்காதவருக்கு

எலியில் புழு கிடைக்கவில்லை, ஆய்வுத் தலைப்பை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றவே வேண்டாம். மலேசியாவின் சுங்கை சிப்புட் செம்பனைத் தோட்டத்து எலிகளின் நுரையீரலைக் கீறியும் நுரையீரல் புழு (ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ்) இல்லை என்கிறீர்கள். நுரையீரல் தமனியைத் திறந்து பாருங்கள். முதிர்ந்த புழு இரத்தக் குழாய்க்குள்தான் இருக்கும்.

இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து சின்னக் கத்தரியால் மெதுவாக வெட்டி, உப்புநீரில் அலசுங்கள். பெண் புழு சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் மாதிரி தெரியும்: சிவப்பு, இரத்தம் நிறைந்த குடல், வெள்ளை, கருப்பை. ஒரு தடவை பார்த்தால் மறக்காது, அவ்வளவு அழகு.

அப்புறம், சிக்கியவை எல்லாம் குட்டி எலிகளா? புழுவின் இளம் பருவம் உள்ள நத்தையை எலி தின்று சில வாரம் கழித்தே புழு தமனிக்கு வரும்; குட்டிகளில் அது இன்னும் வந்திருக்காது.

கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து இந்தப் புழுவின் இனம் 'மலேசியன்சிஸ்' என்று எழுதிவிடாதீர்கள். அதை 1971இல்தான் தனி இனமாக விவரித்தார்கள். அதன் நெருங்கிய இனமான கான்டோனென்சிஸும் அதே சாயல். கையுறை கட்டாயம், எலிச் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா இருக்கலாம்.