ஹார்ட்பாயில்டு துப்பறியும் படங்கள் எப்படி வேறுபடுகின்றன? டெல்டாக்காரர் எதில் தொடங்கலாம்?

சாதாரணத் துப்பறியும் கதையில் குற்றவாளி பிடிபட்டதும் ஊர் பழையபடி ஒழுங்காகிவிடும். ஹார்ட்பாயில்டு வகையில் அந்த நிம்மதி கிடையாது. பணமும் அதிகாரமும் சேர்ந்தே ஊரைக் கெடுத்து வைத்திருக்கும். கூலிக்கு வேலை செய்யும் தனியார் துப்பறிவாளர் ஒருவர், அடி வாங்கிக்கொண்டே உண்மையைத் தேடுவார். ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1941) இந்த வகைக்கு அடித்தளம் போட்ட படங்களில் ஒன்று.

ஆனால் நம் டெல்டாக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது 1974-ல் வந்த 'சைனாடவுன்'. 1930-களின் லாஸ் ஏஞ்சல்ஸ். ஊரெல்லாம் வறட்சி என்கிறார்கள். ராத்திரியில் தண்ணீரைக் கடலுக்குத் திறந்துவிடுகிறார்கள். பள்ளத்தாக்கு விவசாயிகள் வாடி நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்கிறார்கள். அங்கே தண்ணீர் வரப்போவது வாங்குபவர்களுக்கு முன்பே தெரியும். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று காத்திருந்து, கடைமடையில் குறுவை கருகுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. முடிவு ஆறுதல் தராது. அதுதான் அதன் நேர்மை.

அப்புறம் தமிழில் 'அந்த நாள்' (1954) பாருங்கள். பாட்டே கிடையாது, தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். தனியார் துப்பறிவாளர் இல்லாததால் கறாராக இந்த வகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இயக்குநர் எஸ். பாலசந்தர் நிழலையும் சந்தேகத்தையும் கையாண்ட விதம் அதே குடும்பம்.