என் 8 வயது மகளுக்கு டிவி சீரியலில் நடிக்க வாய்ப்பு வந்திருக்கிறது. சட்டப்படி என்னென்ன தடைகள், கட்டுப்பாடுகள் உள்ளன?

நடிக்க வைக்கலாம். 14 வயது நிறையாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கத் தடை போடும் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016 திருத்தத்தில் சினிமா, சீரியல், விளம்பரம், விளையாட்டுக்கு நிபந்தனையோடு வழிவிட்டது (சர்க்கஸுக்குக் கிடையாது). அந்த நிபந்தனைகள் 2017இல் வந்த விதி 2சி-யில் இருக்கின்றன.

சம்பளம் பேசும் முன்பே கலெக்டர் அனுமதி பற்றிக் கேளுங்கள். ஷூட்டிங் நடக்கும் மாவட்டத்தின் கலெக்டரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். படிவம் 'சி'யில் உறுதிமொழி, நடிக்கும் குழந்தைகளின் பட்டியல், பெற்றோர் சம்மதம், பாதுகாப்புக்குப் பொறுப்பாளரின் பெயர் எல்லாம் அதோடு போக வேண்டும். ஒரு பொறுப்பாளர் அதிகபட்சம் ஐந்து குழந்தைகளைத்தான் பார்த்துக்கொள்ளலாம். கோட்டை விட வாய்ப்புள்ள இடங்கள் இரண்டு. கம்பெனி ஆபீஸ் வடபழனியில் இருக்கிறதே என்று சென்னை அனுமதியோடு நிறுத்திக்கொண்டு, முட்டுக்காட்டு பங்களாவில் எடுத்தால் செல்லாது; அது செங்கல்பட்டு மாவட்டம். ராமோஜி ஃபிலிம் சிட்டி என்றால் தெலங்கானாவின் ரங்காரெட்டி மாவட்டம். அடுத்தது, உறுதிமொழிக்கு ஆயுள் ஆறு மாதம்தான். சீரியலோ மூன்று வருஷம்கூட ஓடும். நகல் வாங்கி, தேதியைக் குறித்து வையுங்கள்.

ஒரு நாளைக்கு 5 மணி நேரம், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வழக்கமான கால்ஷீட் (ஒரு நாள் ஷூட்டிங் நேரம்) இதைவிட நீளம் என்பதால் தகராறு இங்கேதான் முளைக்கும். கேமரா ஓடிய நேரத்தை மட்டும் கூட்டி, "பாப்பா ஒரு மணி நேரம்தானே சார் நடிச்சா" என்பார் மேனேஜர். மேக்கப் போட்டு, நகை மாட்டி, லைட்டிங் ரெடியாகும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தது அவர் கணக்கில் வராது. எந்த நிமிடத்திலிருந்து எண்ணுவது என்று விதியும் விரித்துச் சொல்லவில்லை. அதனால் "மேக்கப்புக்கு உட்கார்ந்தது முதல் செட்டை விட்டுக் கிளம்பும்வரை" என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். முனகுவார்கள். குழந்தை வரும் சீன்களைச் சேர்த்து முதலில் எடுத்து முடித்தால் 5 மணி நேரம் தாராளம். அப்படித் திட்டம் போடச் சோம்பல், வேறொன்றும் இல்லை.

தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை கூடாது, பாடம் விட்டுப்போகாமல் தயாரிப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும். ஷெட்யூல் விட்டு விட்டு வருவதால் 27ஐத் தொடுவது அபூர்வம், பள்ளி வருகைப்பதிவுதான் அடிவாங்கும். ஷெட்யூல் தேதிகளைப் பரீட்சை அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பணத்தில், குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட்டாக நேரடியாகப் போட வேண்டும். 18 வயதில் அவள் கைக்கு வரும். மொத்தத்தையும் கோ-ஆர்டினேட்டர் (நடிக்கக் குழந்தைகளைப் பிடித்துத் தரும் இடைத்தரகர்) கணக்குக்கு அனுப்புவது, பாதியைக் காகிதத்தில் காட்டிவிட்டு மீதியைக் கையில் கொடுப்பது, இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். காகிதத்தில் தொகை குறைந்தால் அந்த 20 சதவீதமும் சேர்ந்து குறையும். குழந்தைக்குத் தனி பான் கார்டு எடுத்துவிடுங்கள். சொந்தத் திறமையால் அவள் ஈட்டும் வருமானம் வரிக்கணக்கில் உங்கள் வருமானத்தோடு சேராது. பான் இல்லையென்றால் 20 சதவீதம் வரி பிடித்துவிடுவார்கள்.

அவளுக்கு விருப்பமில்லையென்றால், நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் நடிக்க வைக்கக் கூடாது. இதுவும் அதே விதியில் இருக்கிறது.

மீறினால் வேலை வாங்கியவருக்கு 6 மாதம் முதல் 2 வருஷம் சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கு முதல் தடவை தண்டனை இல்லை. மறுபடி மாட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. செட்டில் ஏதாவது தப்பாகப் பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யலாம். ஷூட்டிங் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.