குளிர்காற்றில் விண்ட்சர்ஃபிங்: விரல் மரத்துப்போகாமல் இருக்க என்ன செய்வது?

கேள்வி: பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றின் விசையில் நீரில் ஓடும் விண்ட்சர்ஃபிங்கைக் கோடையில் கற்றுக்கொண்டேன். இலையுதிர் காலம் வந்ததும் காற்று அருமையாக அடிக்கிறது, ஆனால் தண்ணீர் 13 டிகிரிக்கு இறங்கிவிட்டது. 3/2 வெட்சூட் (நீரில் உடல்சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடை) அணிகிறேன். அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிடுகின்றன. கையுறை போட்டால் முன்னங்கை இறுகிக்கொள்கிறது. தொடரலாமா?

பதில்: தாராளமாகத் தொடரலாம். ஆனால் கையுறையை அப்புறம் பார்ப்போம், முதலில் வெட்சூட்டை மாற்றுங்கள். நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற உடம்பு கைகளுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். உங்கள் விரல் மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். 3/2 என்பது உடலில் 3 மி.மீ., கை கால்களில் 2 மி.மீ. தடிமன், அது கோடைக்கானது. 13 டிகிரிக்கு 5/4 வேண்டும். நெஞ்சுப் பகுதியில் வழவழப்பான ரப்பர் பரப்பு உள்ளதாக வாங்குங்கள். துணி போர்த்திய நியோபிரீன் (வெட்சூட் செய்யப்படும் ரப்பர்) ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்று அதை உலர்த்த உலர்த்த உங்கள் சூடும் சேர்ந்து போகும். 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கி.மீ. காற்று அடித்தால், வெறும் தோலுக்கு அது 6 டிகிரி போல உறைக்கும். ஈரம் சேர்ந்தால் இன்னும் மோசம். தலைக்கு நியோபிரீன் தொப்பி, காலுக்குக் காலணி, இரண்டும் அவசியம்.

சரி, இப்போது கை. உள்ளங்கையில் தடித்த ரப்பர் இருந்தால் பூம் (பாயைப் பிடித்துக்கொள்ளும் குறுக்குக் கம்பி) கைக்குப் பருமனாகிவிடும், நீங்களும் அதிகமாக இறுக்கிப் பிடிப்பீர்கள். முன்னங்கை வலி அங்கிருந்துதான் வருகிறது. உள்ளங்கை திறந்திருக்கும் கையுறைகள் கிடைக்கின்றன; புறங்கையையும் விரல்களையும் மூடும், பிடி மட்டும் நேரடியாக இருக்கும். எனக்கு இவைதான் ஒத்துவருகின்றன. ஹார்னஸை (இடுப்பில் கட்டும் பட்டை) மாட்டும் பூம் கயிற்றின் இடத்தையும் சரிபாருங்கள்; பாயின் இழுவையை இடுப்பு தாங்கினால் கைகள் தளர்ந்திருக்கும். இன்னொரு பழக்கமும் எனக்கு உதவுகிறது: பத்து நிமிடம் ஓட்டிவிட்டுக் கரையேறி, கை நன்றாகச் சூடாகும்வரை இருந்துவிட்டு மறுபடி இறங்குவேன். சூடு திரும்பும்போது விரல்கள் வலிக்கும். இரண்டாவது முறை அவ்வளவு சீக்கிரம் மரப்பதில்லை.

பாயின் அளவையும் ஒருபடி குறைத்தே எடுங்கள். 5 டிகிரிக் காற்று 25 டிகிரிக் காற்றைவிட ஏறக்குறைய 7 சதவீதம் அடர்த்தியானது. அதே வேகத்தில் அடித்தாலும் அந்த அளவுக்கு அதிகமாகத் தள்ளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்றில், இந்தப் பருவத்தில் இறங்காதீர்கள். கரையோரம் தண்ணீர் அமைதியாகத் தெரிந்து ஏமாற்றும். உள்ளே போகப் போகக் காற்று கூடும். மரத்த விரல்களால் பாயைக் கழற்றிச் சுருட்ட முடியாது. பாய்மர அடிப்பகுதியைப் போர்டிலிருந்து விடுவிப்பதைக் கையுறையோடு கரையிலேயே பழகிக்கொள்ளுங்கள். வேறு வழியில்லை என்றால் பாயை விட்டுவிட்டுப் போர்டில் படுத்துத் துடுப்பிடலாம். போர்டை மட்டும் விட்டுவிட்டு நீந்தக் கூடாது, அது உங்களை மிதக்கவைக்கிறது. விசிலும் நீர்புகா உறையில் கைபேசியும் உடம்போடு இருக்கட்டும். திரும்பும் நேரத்தைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

அவ்வப்போது கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லையா, உடனே கரைக்கு வந்துவிடுங்கள். வந்ததும் காற்றுக்கு மறைவான இடத்தில் உலர்ந்த உடைக்கு மாறுங்கள், சூடாக, இனிப்பாக ஏதாவது குடியுங்கள். பாயைக் கழற்றுவது அதற்கு அப்புறம்.