"எங்கே வலிக்குது?"

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் மூன்று மாதமாக வாரம் ஒருமுறை கூடி இம்ப்ராவ் காமெடி விளையாட்டுகள் ஆடுகிறோம். வசனம், ஒத்திகை எதுவும் கிடையாது. அந்த நேரத்தில் தோன்றுவதைப் பேசி நடிப்போம். நானும் இன்னொருவரும் நன்றாகச் சிரிக்க வைக்கிறோம். மற்ற நால்வரும் இரண்டு வரியிலேயே ஊமையாகிவிடுகிறார்கள். போன வாரம் ஒரு நண்பர் டாக்டராக வந்து, "சொல்லுங்க, எங்கே வலிக்குது?" என்றார். நான் உடனே, "யோவ், நீ டாக்டரே இல்ல, வார்டுல இருந்து தப்பிச்சு வந்த பேஷன்ட்" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நகைச்சுவை உணர்வு இல்லாதவர்களோடு எப்படி ஆடுவது? சுலபமான விளையாட்டுகள் இருந்தால் சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: அவர் வாயை அடைத்தது நீங்கள்தான். காரமாகத்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமாக விடாமல் கூடுகிற ஆறு பேர் சுலபத்தில் அமைவதில்லை. அது கலைந்துபோகக் கூடாது என்பதுதான் என் கவலை.

அந்த நண்பர் சொன்ன ஒரே வரியைத் திரும்பப் படியுங்கள். தான் டாக்டர், நீங்கள் நோயாளி, உங்களுக்கு எங்கோ வலிக்கிறது, "சொல்லுங்க" என்பதால் உங்கள்மேல் மரியாதை வைத்திருக்கிறார். வெறும் கையோடு வந்து நான்கு விஷயங்களை உங்கள் முன்னால் வைத்தார். நான்கையும் ஒரே வீச்சில் தட்டிவிட்டீர்கள். இப்போது அவர் டாக்டராகவும் பேச முடியாது, நண்பராகவும் பேச முடியாது. அங்கே யாராக இருந்தாலும் வாய் அடைத்துத்தான் போயிருக்கும். உங்களுக்கு ஒரு சிரிப்பு கிடைத்தது, ஆறு பேருக்கும் காட்சி போயிற்று.

இந்தக் கலையில் இருப்பவர்கள், அவர் முன்வைத்ததை 'ஆஃபர்' என்பார்கள், நீங்கள் தட்டிவிட்டதை 'பிளாக்'. இந்தச் சொற்களை வைத்துப் பாடம் எடுத்தவர்களில் முக்கியமானவர் கீத் ஜான்ஸ்டன். லண்டனின் ராயல் கோர்ட் தியேட்டரில் இருந்தவர், பிறகு கனடாவின் கால்கரிக்குப் போய், 1977-ல் இரண்டு அணிகள் மேடையில் மோதும் தியேட்டர்ஸ்போர்ட்ஸ் போட்டியைத் தொடங்கினார். மாணவர்களிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, புத்திசாலித்தனமாக எதையும் தேடாதீர்கள், கண்ணெதிரே இருப்பதைச் சொல்லுங்கள் என்பதுதான். வலிக்கிற இடம் எது என்று கேட்டால், "முழங்கால்" என்பது போதுமான பதில். அடுத்த வரியைச் சொல்ல அவர் இருக்கிறார்.

'நகைச்சுவை உணர்வு இல்லாதவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் வருகிறேன். இன்று உலகமெங்கும் ஆடப்படும் இந்த விளையாட்டுகளில் பெரும்பகுதிக்கு வேர் வயோலா ஸ்போலின் என்ற பெண்மணி. 1930-களின் இறுதியில், சிகாகோவில் அரசின் வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றின் கீழ், குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தார். 'இப்படி நடி' என்று சொன்னால் பிள்ளைகளுக்கு வரவில்லை. எனவே ஒவ்வொரு பாடத்தையும் ஒரு விளையாட்டாக மாற்றினார். ஆட்டத்தில் மூழ்கியதும் கூச்சம் மறந்தது, நடிப்பு தானாக வந்தது. காமெடி என்ற பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டதுதான். அவருடைய மகன் பால் சில்ஸ் இந்த விளையாட்டுகளை மேடைக்குக் கொண்டுபோனார். 1959-ல் சிகாகோவில் 'செகண்ட் சிட்டி' நகைச்சுவை அரங்கைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆக, கூச்சப்படுகிறவர்களுக்காகவே பிறந்த விளையாட்டு இது. அதை ஆடிக்கொண்டு, கூச்சப்படுகிறவர்களை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

அடுத்த முறை கூடும்போது பேச்சே இல்லாமல் ஆரம்பியுங்கள். ஸ்போலினின் கண்ணாடி விளையாட்டு: இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் மெல்லக் கையை அசைக்க, மற்றவர் பிம்பமாக அதையே செய்ய வேண்டும். ஒரு நிமிடம் கழித்துத் தலைமை மாறும். அப்புறம் யார் தலைமை என்றே சொல்லாமல் தொடர வேண்டும். மூன்று நிமிடம் போதும். சிரிக்க வைக்கிற நீங்கள் இருவரும் எதிராளியின் கண்ணைப் பார்க்கப் பழகிக்கொள்வீர்கள்.

அதன் பிறகு ஆளுக்கொரு சொல் கதை. வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் ஒரு சொல் மட்டும் சொல்லிக் கதையை நகர்த்துவது. இதைத் தமிழில் ஆடுவது தனி சுகம். ஆங்கிலத்தில் 'தி', 'ஆஃப்' என்ற துக்கடாச் சொற்களைச் சொல்லியே பாதிப் பேர் தப்பித்துவிடலாம். தமிழில் பெயர்ச்சொல் வேற்றுமையைச் சுமந்துகொண்டு வருகிறது, வினையோ கடைசியில் நிற்கிறது. 'குதிரையை' என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்தக் குதிரையை என்ன செய்வது என்ற பொறுப்பு வட்டத்தில் யார் தலையிலோ விடியப் போகிறது. யார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் நண்பர்கள் கூட்டத்தில் ஒருநாள் கதை இப்படிப் போனது: "அந்த - ராஜா - குதிரையை - விட்டு - இறங்கி - அழுதார்." அடுத்த முறை, அதுவரை வாயே திறக்காத ஒருவருடையது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "குதிரையும்" என்றார். அறையே அதிர்ந்தது. அவர் ஜோக் அடிக்கவில்லை. ராஜா அழுகிறாரே, பக்கத்தில் நிற்கும் குதிரை என்ன செய்யும் என்று பார்த்தார், ஓர் 'உம்' சேர்த்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் இல்லாமல் நாங்கள் ஆடியதில்லை.

ஒரு சொல் மட்டுமே கையில் இருக்கும்போது உங்கள் சாமர்த்தியத்துக்கு வேலை இல்லை. அதனால்தான் பேச்சு விளையாட்டுகளில் இதை முதலில் வைக்கிறேன்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, அந்தஸ்து மாற்றம். இதுவும் ஜான்ஸ்டன் காட்டிய வழிதான். இருவர் பேசுகிறார்கள்; தொடக்கத்தில் ஒருவர் கை ஓங்கியிருக்கும், மற்றவர் பணிந்திருப்பார். பத்து வரிக்குள் அது தலைகீழாக வேண்டும், ஆனால் இருவரும் அதைப் பற்றிப் பேசவே கூடாது. நம் மொழியில் நீயா நீங்களா என்று முடிவு செய்யாமல் ஒரு வரிகூடப் பேச முடியாது. அந்தஸ்து முதல் வினையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பூட்டிய வீட்டு வாசல், வீட்டுக்காரர், பூட்டுத் திறக்க வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏம்ப்பா, ஒரு பூட்டைத் திறக்க இவ்வளவு நேரமா?"
"கொஞ்சம் பொறுங்க சார். பழைய பூட்டு."
"உனக்குத் திறக்கத் தெரியுமா, தெரியாதா?"
"தெரியும் சார். இது உங்க வீடுதானே?"
"ஆமா... ஏன் கேக்கறீங்க?"
"சும்மாதான். வீடு உங்களோடதுன்னு காட்ட ஏதாவது இருக்கா?"
"எல்லாம் உள்ளதாங்க இருக்கு."
"அப்ப ஓரமா நில்லு."

சிரிப்பு எங்கே வந்தது என்று கவனியுங்கள். 'கேக்கறீங்க' என்ற இடத்தில் தொடங்கி, 'நில்லு' என்ற இடத்தில் வெடிக்கிறது. இந்த எட்டு வரியில் தனியாக எடுத்துச் சொல்லக்கூடிய ஜோக் ஒன்றுகூட இல்லை. ஒருவர் கேட்டதற்கு மற்றவர் ஒழுங்காகப் பதில் சொன்னார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புரியாத பாஷை விளையாட்டில் நீங்கள் வாய்க்கு வந்த சத்தங்களில் சொற்பொழிவாற்ற, பேசாத நண்பர் அதை மொழிபெயர்ப்பார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது முழுக்க அவர் கையில். உங்கள் இருவருக்கும் நான் எழுதித் தரும் மருந்து இது. உயிரெழுத்துக் காட்சியில் முதல் வரி அ-வில், அடுத்தது ஆ-வில், இப்படிப் பன்னிரண்டு வரிகள். ஔ யாருக்கு வரப்போகிறது என்ற பதற்றமே பாதி ஆட்டம். கேள்விகளால் மட்டும் பேசும் விளையாட்டைத் தமிழில் ஆடும்போது ஒரு விதி சேருங்கள். எந்தச் சொல்லின் வாலிலும் 'ஆ' ஒட்டினால் கேள்வியாகிவிடும் என்பதால், "வரியா?", "வரணுமா?", "வர வேண்டாமா?" என்று நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். ஒவ்வொரு கேள்வியும் புதிதாக ஒன்றைக் கொண்டுவரட்டும்: "அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது மூச்சு விடுதா?"

நடுவில் 'ஃப்ரீஸ்' என்று கத்தி ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு அவர் இடத்தில் நின்றுகொள்ளும் விளையாட்டை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். முந்திக்கொள்கிறவர்களுக்குச் சாதகமான ஆட்டம் அது. உங்கள் கூட்டத்தில் முந்துவதற்கு ஆள் குறையில்லை.

காட்சி எதுவானாலும் மூன்று நிமிடத்தில் கை தட்டி முடியுங்கள், இழுக்காதீர்கள். நண்பரின் உடல், குடும்பம், உண்மையில் பட்ட அவமானம், இவற்றைக் காட்சிக்குள் இழுப்பது கூடவே கூடாது. பழக்கம் அதிகமான கூட்டங்களில்தான் இந்தத் தவறு நடக்கிறது. ஒருமுறை நடந்துவிட்டால், அடுத்த வாரம் ஒரு நாற்காலி காலியாக இருக்கும்.

முதல் வேலையாக அந்த நண்பருக்கு போன் செய்யுங்கள். அந்த டாக்டர் காட்சியை மறுபடி ஆடலாம், விட்ட இடத்திலிருந்து வேண்டாம், முதலிலிருந்து என்று கேளுங்கள். அவர் வந்து, "சொல்லுங்க, எங்கே வலிக்குது?" என்பார். உங்கள் முழங்காலைக் காட்டிவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.