ஏணிப் பரண்: மான் சீசனுக்கு முன் கேட்ட கேள்விகள்

மிச்சிகனில் நவம்பர் 15 அன்று துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் தொடங்கிவிடும். அதனால் இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாமே பரணைப் பற்றித்தான். ஊரில் சோளக்கொல்லையில் கிளி விரட்டப் போட்ட அதே பரண்தான். இங்கே இரும்பில் செய்து, மரத்தில் சாத்தும் ஏணியோடு விற்கிறார்கள்.

இதுதான் என் முதல் சீசன். ஏணிப் பரண் வாங்கவா, மரத்தோடு ஏறும் க்ளைம்பர் வாங்கவா?

ஏணியே வாங்குங்கள். க்ளைம்பருக்குக் கிளையில்லாத நேரான மரம் வேண்டும், கொஞ்சம் பழக்கமும் வேண்டும். 15 அடி உயரம் போதும். உயரம் கூடக்கூட மானை மேலிருந்து செங்குத்தாகப் பார்ப்பீர்கள். இரண்டு நுரையீரலிலும் படும்படி சுடுவது கடினமாகிவிடும். ஒருவர் உட்காரும் பரண் பெரும்பாலும் 300 பவுண்டு தாங்கும். அதில் உங்கள் எடையோடு குளிர் உடுப்பு, பூட்ஸ், துப்பாக்கி, பை எல்லாமே சேர்த்தி.

அண்ணா, எந்த மரத்தில் சாத்துவது?

உயிருள்ள, நேரான மரம். ஆஷ் மரம் மட்டும் வேண்டவே வேண்டாம். 2002-இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடித்த பச்சை வண்டு இந்த மாநிலத்து ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் தின்று தீர்த்துவிட்டது. நிற்கிற மாதிரி நிற்கும், உள்ளே உளுத்திருக்கும். வெள்ளை ஓக் அருகே இடம் கிடைத்தால் விடாதீர்கள். அதன் கொட்டையில் துவர்ப்பு குறைவு, மான் தேடி வரும். காற்று உங்கள் பக்கமிருந்து மான் வரும் தடத்துக்குப் போகக் கூடாது.

நானும் மச்சானும் மட்டும் போய் நிறுத்திவிடலாமா?

மூன்றாவது ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பலர் நினைப்பது போல ஆபத்து மேலே உட்கார்ந்திருக்கும்போது மட்டும் இல்லை. பரணை இன்னும் மரத்தோடு கட்டாத நிலையில் முதல் ஆள் ஏறுகிறானே, அந்த ஐந்து நிமிடம்தான் மோசம். பரணின் பாகங்களைத் தரையிலேயே முழுதாகப் பூட்டிக்கொள்ளுங்கள். நிமிர்த்தி மரத்தில் சாத்தியதும் ஏணியின் நடுவிலிருந்து மரத்துக்குப் போகும் தாங்குகம்பியைக் கட்டுங்கள். பிறகு இருக்கையிலிருந்து தொங்கும் கயிறுகளை மரத்தைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கீழே நின்றே இறுக்குங்கள். அதற்குப் பிறகுதான் ஒருவர் ஏறலாம். அவர் இடுப்பு வாரை மரத்தைச் சுற்றிப் போட்டு, படிக்குப் படி மேலே நகர்த்திக்கொண்டே போய் ராட்செட் பட்டையை, அதாவது பரணை மரத்தோடு இறுக்கும் நைலான் வாரை, பூட்ட வேண்டும். மற்ற இருவரும் ஏணியை விட்டு நகரக் கூடாது, போன் வந்தாலும் சரி.

சுற்றிலும் கைப்பிடிக் கம்பி இருக்கிறதே, உடம்பில் மாட்டும் பாதுகாப்பு வார், அந்த ஹார்னஸ் வேறு எதற்கு?

கம்பி தூங்கி விழுகிறவனைப் பிடிக்காது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வந்தவன் பத்து மணிக்குக் கண் அசருவான். உச்சியிலிருந்து அடிவரை ஒரு உயிர்க்கயிறு கட்டி, அதில் நகரும் முடிச்சில் ஹார்னஸை மாட்டிக்கொண்டே ஏறுங்கள், இறங்குங்கள். ஹார்னஸோடு வரும் கால்பட்டையைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். விழுந்து தொங்கினால் அதில் கால் ஊன்றி நிற்க வேண்டும். வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தால் காலில் ரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்து. துப்பாக்கியை, குண்டு எடுத்த பிறகு, கயிற்றில் கட்டி மேலே இழுங்கள். தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள்.

வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு சட்டை மானுக்குத் தெரியாதா?

அந்த நிறம் அதன் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாது. கை ஆட்டினால் தெரியும்.

சீசன் முடிந்ததும் அப்படியே விட்டுவிடலாமா?

அரசு நிலமென்றால் மார்ச் 1-க்குள் கழற்றியாக வேண்டும். உங்கள் பெயர் விவரமும் அதில் எழுதியிருக்க வேண்டும், மரத்தில் ஆணி திருகு ஏற்றவும் கூடாது. சொந்த நிலமானாலும் ராட்செட் பட்டையைத் தளர்த்திவிடுங்கள். நான் சோம்பேறித்தனமாக இரண்டு வருடம் விட்டேன். மரம் பருத்துப் பட்டையை இறுக்கிவிட்டது. வெயிலில் நைந்த நைலான் வேறு. மூன்றாம் வருடம் முதல் படியில் கால் வைத்தபோது டப்பென்று அறுந்தது. நல்ல வேளை, முதல் படி. இப்போது வருடா வருடம் புதுப் பட்டைதான்.